நாற்பத்திரண்டு கொயினா

காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் குளிர்க்காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கும்போது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் பரஞ்சோதி யாரையும் நம்பமாட்டார். மாத்திரையை அவரே நாக்கில் வைப்பார். தகரக் குவளையில் தண்ணீர் நீட்டுவார். விழுங்கியதும் பேரைச் சொல்லவேண்டும். வாய்க்குள் மாத்திரை இருந்தால் பேர் குழறும் என்பது அவர் எண்ணம். புருஷன் உள்ள பெண்களிடம் இன்னொரு கேள்வியும் உண்டு.

"புருஷன் பேரு?"

ஒருத்தியும் சொல்லமாட்டாள். புருஷன் பேரை வாயால் சொல்கிற பெண் அந்த லயத்து வரிசை வீடுகளில் இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்து சிரிப்பாள். டிரெசரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்தச் சிரிப்புக்குள் எத்தனையோ மாத்திரைகள் கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் ஒதுங்கின. பிறகு ஸ்டோருக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் விழுந்தன. கசப்பு யாருக்குப் பிடிக்கும்? வெள்ளைக்காரன் காலத்தில் கொயினாவுக்குப் பஞ்சமில்லை. துப்பினால் நாளைக்கும் கிடைக்கும்.

மருதம்மாளுக்குப் புருஷன் இல்லை. மரம் சாய்ந்து இருளப்பன் செத்து நாலு வருஷம். அவளிடம் டிரெசர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் மாத்திரையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே "மருதம்மா" என்று மணி அடித்தமாதிரி சொல்ல எட்டு வயதிலேயே அவளுக்கு வரும். அந்த வித்தையைத் தம்பி பிச்சைக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "நாக்கால தள்ளாதடா, தண்ணியோட தலையைச் சாச்சா அதுவா போய் ஒதுங்கும்." பையன் ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். சோறு ஊட்டினாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள், இதையும் சொல்லிக்கொடுத்தாள்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் சித்திரையில் பிச்சையைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் போடுகிற வேலை, மூன்று மாதம்தான், அரிசி உண்டு, துணி உண்டு என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி பெரட்டில் நின்று படித்தார். கெடாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அப்போது அரிசி என்ற சொல்லே போதும். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எல்லாருக்கும் கால் வீங்கியிருந்தது. மருதம்மாள் இடுப்பில் சாக்கு. மேலே இருளப்பனுடைய பழைய சட்டை.

"சாக்கைக் கட்டிக்கிட்டு நிக்கிறியே, பாக்க சகிக்கல. ஒரு சேலை கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் பிச்சை லோரியில் ஏறினான். பத்தொன்பது வயசு. ஏறும்போது சிரித்துக்கொண்டுதான் ஏறினான்.

ஆனி மாதக் கடைசியில் காஜா மைதீன் வந்தார். பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையில் சாமான் இல்லாமல் போனதும் சயாமுக்குப் போய் அரிசி கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். ரப்பர் மரமாக நிற்கிற கித்தாக் காட்டுக்கு நடுவிலே டயர் இல்லாத சைக்கிள். அதை லயத்து வாசலில் சாய்த்துவிட்டு மருதம்மாளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உன் தம்பியைப் பாத்தேன்."

அவள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"எங்க பாய்?"

"காஞ்சனபுரில. ஆத்துல படகுக்கு மூட்டை ஏத்த வந்திருந்தான். முகாம் இன்னும் உள்ள இருக்காம், படகுல ரெண்டு நாளு. என்னைப் பாத்ததும் 'பீடோங் பாய்தானே'ன்னு கத்துறான். எனக்கு ஆளே தெரியல. எலும்பும் தோலும். மூணு நாளுக்கு ஒரு தடவை குளிர்க்காய்ச்சல் வருதாம். நின்னுக்கிட்டே நடுங்குறான்."

"மருந்து குடுக்க மாட்டானுங்களா?"

காஜா மைதீன் கொஞ்சம் தயங்கினார். "போன புதுசுல வரிசையா நிக்கவச்சு கொயினா குடுத்தானுங்களாம். இவன் துப்பிட்டானாம். 'அக்கா கத்துக்குடுத்தது பாய், சப்பான்காரனையே ஏமாத்திட்டேன்'னு சிரிக்கிறான். இப்ப அங்க ஒரு மாத்திரை கிடையாது. 'அக்காக்கிட்டச் சொல்லி எப்படியாச்சும் கொயினா அனுப்பச் சொல்லுங்க'ன்னான். அவ்வளவுதான் பேசவிட்டானுங்க. மூங்கிலால ஒரு அடி போட்டு ஓட்டிட்டானுங்க."

"நீங்க திரும்பப் போறப்ப..."

"நான் இனி போகல தங்கச்சி. இந்தத் தடவை தப்பிச்சதே அல்லா கிருபை. என் கடையில இருந்த கொயினாவும் முதல் மாசமே போச்சு. யார் மூலமாச்சும் அனுப்பப் பாரு. சீக்கிரம் அனுப்பு."

அன்று மத்தியானம் மருதம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரெசரிடம் கேட்டாள். பொட்டலமாகத் தர முடியாது என்றார் அவர். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கொயினாவில் ஒரு ஜாடிதான் மிச்சம். வேலை செய்கிற ஆளுக்கு ஆளுக்கொன்று, பெரட்டிலேயே, வாயிலேயே. கணக்கு குறைந்தால் ஜப்பான்காரன் அவர் கன்னத்தைப் பேர்த்துவிடுவான். ஏற்கனவே ஒருமுறை பேர்த்திருந்தான்.

"சரிங்க ஐயா. மூணாநாள் காய்ச்சல் ஒரு ஆளுக்கு முழுசா போகணும்னா எத்தனை வேணும்?"

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு மூணு வேளை. வேளைக்கு ரெண்டு. ஏழு நாளு. நாப்பத்திரண்டு. குறைச்சுப் போட்டா காய்ச்சல் திரும்பி வரும். போட்டதும் வீண்."

நாற்பத்திரண்டு. அவள் அதைச் சொல்லிக்கொண்டே லயத்துக்கு வந்தாள்.

மறுநாள் காலை பெரட்டில் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். பேரைச் சொன்னாள். சாக்கடைப் பக்கம் போகவில்லை. காட்டுக்குப் போகிற வழியில் இலை ஒன்றில் துப்பி மடியில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சூட்டில் தட்டை வைத்து அதைக் காயவைத்தாள். மேல்பூச்சு கரைந்து, மாத்திரை சொரசொரவென்று இருந்தது. அன்று முழுக்க வாய் கசந்தது. கிழங்கு கசந்தது. தண்ணீர் கசந்தது.

பக்கத்து வீட்டுக் காளியம்மா மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். பால் வெட்ட இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மர நிரை. காளியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. வாய் மட்டும் பத்துப் பிள்ளைக்காரிக்கு உள்ளது.

"என்னக்கா மடியில? வைரமா?"

மருதம்மாள் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணா? நாப்பத்திரண்டு நாளு ஆகும். அதுக்குள்ள அவன் கிழவனாயிடுவான். என்னுதையும் எடுத்துக்க."

"உனக்குக் காய்ச்சல் வந்தா?"

"நான் எப்ப அதை முழுங்கினேன், இப்ப வர்றதுக்கு? சாக்கடைக்கு ஊட்டினதை உனக்குத் தர்றேன், அவ்வளவுதான். எங்கூட்டு ஆளுக்குச் சொல்லாத. பயந்த மனுசன். மூஞ்சிலயே எழுதி ஒட்டிக்கும்."

எங்கூட்டு ஆளு என்றால் முனியாண்டி. நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டான். டிரெசர் தினமும் காளியம்மாவிடம் "புருஷன் பேரு?" என்று கேட்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு முனியாண்டியைக் கைகாட்டுவாள். "அந்தா நிக்குதே பனைமரம், அதையே கேளுங்க" என்று ஒருநாள் மாத்திரையோடே சொன்னாள். களமே சிரித்தது. முனியாண்டியும் சிரித்தான்.

இப்படி நாளுக்கு இரண்டு. மருதம்மாள் தினமும் எண்ணிப் பார்ப்பாள். பதினான்கு. இருபத்தாறு. வெள்ளைக்காரத் துரை பங்களாக் குப்பையில் கிடைத்த சிகரெட் தகர டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் பஞ்சு வைத்து அடுக்கினாள். ஆடி பாதியில் மறுபடியும் சயாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. யார், எப்போது என்று தெரியாது. யாராவது போவார்கள். போகிறவன் கையில் கொடுத்துவிடலாம்.

முப்பத்தாறில் இருக்கும்போது காளியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் அதோடேயே பெரட்டுக்கு வந்து நின்றாள். அந்த மூன்று மாத்திரையையும் கன்னத்தில் ஒதுக்கித்தான் கொண்டுவந்து கொடுத்தாள். மருதம்மாள் வாங்கிக்கொண்டாள். "நீ போட்டுக்கடி" என்று ஒருமுறை சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள்.

"நாளையோட ஏறிடும்ல நாப்பத்திரண்டு? நாளன்னிக்கிலேருந்து போட்டுக்கிறேன். இது சும்மா உடம்பு வலி" என்றாள் காளியம்மா.

நாற்பத்திரண்டு ஏறிய அன்று சாயங்காலம் மருதம்மாள் டப்பாவை மூடினாள். ஆற்று வழி, மழைக்காலம், தண்ணீர் புகக்கூடாது. மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் மிச்சமிருந்த கித்தாப் பாலைக் கொண்டுவந்து மூடி விளிம்பில் பூசினாள். காய்ந்ததும் மறுபடி பூசினாள். மூன்று பூச்சு. ஒரே ரப்பர்க் கட்டியாக ஒட்டிக்கொண்டது.

மறுநாள் பெரட்டில் டிரெசர் ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினார். கொயினா தீர்ந்தது. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறாராம். வந்தால் கொடுப்பாராம்.

காளியம்மா அன்று பெரட்டுக்கு வரவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. பத்து மணிக்கு மருதம்மாள் காட்டிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு சாக்கைப் போர்த்தியும் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"மருதக்கா. ரெண்டு குடேன்."

"எதை?"

"அதான். நான் குடுத்ததுல ரெண்டு."

"டப்பாவுக்குப் பால் பூசிட்டேன்டி."

"ஏன், வூட்டுல கத்தி இல்லையா?"

மருதம்மாள் நின்றாள். டப்பா அவள் மடியில்தான் இருந்தது. "நாப்பத்திரண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் அத்தனையும் வீண்னு டிரெசர் சொன்னாரு. உனக்கு ரெண்டு போட்டாலும் ஒண்ணும் கேக்காது. ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும். அலோர் ஸ்டார்லேருந்து வருதாம். வந்ததும் முதல்ல உனக்குத்தான் வாங்கித் தருவேன்."

காளியம்மா அவளையே பார்த்தாள். பிறகு, "சரி, விடு. உன் தம்பி வரட்டும், என்னைத் தோள்ல தூக்கிட்டுப் பீடோங் பசாருக்குக் கடை பாக்கப் போகணும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஸ்டோர்ப் பக்கம் கூச்சல். லோரி வந்திருந்தது. இந்த முறை கிராணி எதையும் படிக்கவில்லை. காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஆண்களில் பதினெட்டுப் பேரைப் பால்வாளியோடு அப்படியே ஏற்றினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர விடவில்லை. மருதம்மாள் போய்ச் சேர்வதற்குள் லோரி கிளம்பிவிட்டது. நெட்டையாக ஒரு தலை மட்டும் மற்றவர்களுக்கு மேலே தெரிந்தது. முனியாண்டி.

அவள் லயத்துக்குத் திரும்பவில்லை. லோரி போன சுங்கைப்பட்டாணி ரோட்டில் நடந்தாள், ஓடினாள், நடந்தாள். வெயில் ஏறிவிட்டது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது ரயிலில் சாமான் ஏற்றுகிற பெட்டிகளில் ஆட்களை உட்காரவைத்திருந்தார்கள். கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. காவலுக்கு நின்றவன் மலாய்க்காரப் பையன். "சாட்டு மினிட், பாங்" என்று ஒரு நிமிஷம் கேட்டுக் கெஞ்சினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவே உத்தரவு.

"முனியாண்டி!"

முனியாண்டி கதவு இடுக்கில் முகத்தை வைத்தான். முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அவ எப்படிக்கா இருக்கா?"

மருதம்மாள் டப்பாவைக் கையில் எடுத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் இவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். "திருப்பிக் கொண்டுபோய் அவளுக்குக் குடு" என்பான். டப்பாவைத் தொடக்கூட மாட்டான். இந்த ரயில் போனால் அடுத்தது எப்போதோ.

"எறங்கிடுச்சு" என்றாள். "காலையிலயே வேர்த்து எறங்கிடுச்சு. கஞ்சி குடிச்சா. உன்னைப் பத்திரமா போயிட்டு வரச் சொன்னா."

அவன் மூச்சு விட்டது வெளியே கேட்டது.

"இந்தா. கொயினா. பிச்சைக்கு. காஞ்சனபுரிக்கு உள்ள, ஆத்து வழியா ரெண்டு நாளு. நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு ரெண்டு, ஏழு நாளு. துப்பக் கூடாதுன்னு சொல்லு. அக்கா சொல்லிச்சுன்னு சொல்லு."

"சரிக்கா. அவளைப் பாத்துக்குங்க."

டப்பாவை வேட்டிக்குள் சொருகிக்கொண்டான். பையன் துப்பாக்கிக் கட்டையால் கதவைத் தட்டினான். அவள் விலகினாள்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. லயத்து முனையிலேயே சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி "முனியாண்டி, முனியாண்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் காளியம்மாவுடையது. வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பேர். காளியம்மாவின் கண் திறந்திருந்தது, நினைவு அங்கே இல்லை. "முனியாண்டி, தண்ணி எடுத்தா. முனியாண்டி, கதவைச் சாத்து."

அடுத்த நாள் விடியும்போது பேரும் நின்றது. பெட்டிக்குப் பலகை இல்லை. அவள் போர்த்தியிருந்த இரண்டு சாக்கிலேயே சுற்றிப் புதைத்தார்கள். டிரெசர் வந்து நின்றார். "தினம் கொயினா போட்டவ. இவளுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மருதம்மாள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் இருபத்திரண்டு நாள் மாத்திரை விழுங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கெடாவையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்றார்கள். "ரயில் ஏறாமலே நாமளும் சயாமுக்கு வந்துட்டோம்" என்று லயத்தில் சிரித்தார்கள். மருதம்மாள் சிரிக்கவில்லை. மூன்று மாதம் என்றது ஒரு வருஷம் ஆயிற்று, இரண்டு வருஷம் ஆயிற்று. யாரும் வரவில்லை. நாற்பத்திரண்டும் போய்ச் சேர்ந்திருக்கும், அவன் துப்பாமல் விழுங்கியிருப்பான், பிழைத்திருப்பான். தினமும் காலையில் பால்மரத்துக்கு முன் உட்காரும்போது அவள் இதைத்தான் நினைப்பாள். பக்கத்து நிரையில் வேறொருத்தி வெட்டிக்கொண்டிருப்பாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, தீபாவளி கழிந்த மறுவாரம், முனியாண்டி வந்தான். பதினெட்டுப் பேரில் அவனும் இன்னொருவனும். நெட்டை ஆள் கூன் விழுந்து வந்தான். காலில் புண் ஆறிய இடம் கறுப்பாகக் குழிந்திருந்தது. காளியம்மா செய்தியை லயத்து முனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். தன் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே மருதம்மாள் வாசலுக்கு வந்து குந்தினான். மடியிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தான். விளிம்பில் கித்தாப் பிசிறு இன்னும் ஒட்டியிருந்தது.

"பிச்சை?" என்றாள்.

"இல்லக்கா."

அவன் காலைத் தடவிக்கொண்டே மேலே சொன்னான்.

"நான் அந்த முகாமுக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மாசம் ஆச்சு. பண்டார் பாரு ஊர்க்காரன் ஒருத்தன் பிச்சை கூட இருந்தவன், அவன்தான் சொன்னான். ஆடி முத வாரமே போயிட்டானாம். நீங்க குடுத்தனுப்புறதுக்கு முந்தியே."

ஆடி முதல் வாரம். அப்போது டப்பாவில் பன்னிரண்டோ பதினான்கோ இருந்திருக்கும். காளியம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் வந்திருக்கவில்லை.

"மாத்திரையை நான் தின்னேங்க்கா" என்றான் முனியாண்டி. "ஒரு மாசம் தொடாமத்தான் வச்சிருந்தேன். உங்க பொருளு. அப்பறம் எனக்கே வந்துடுச்சு. பல்லால கடிச்சுத் தெறந்தேன். என்னை அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"எத்தனை தின்னே?"

"ரெண்டு ரெண்டாத்தான். காய்ச்சல் வர்றப்ப ரெண்டு போட்டா எறங்கிடும், எந்திரிச்சு வேலைக்குப் போயிடலாம். பத்துப் பன்னெண்டு தடவை அப்படி எந்திரிச்சேன். மிச்சத்தைப் பக்கத்துல படுத்திருந்தவனுங்களுக்குக் குடுத்தேன். ஆளுக்கு ரெண்டுக்கு மேல குடுக்கல. ரெண்டே போதும்க்கா. அந்த ரெண்டு ரெண்டுலயே மூணு பேரு பொழைச்சானுங்க. உங்க புண்ணியம்."

மருதம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "அவளுக்கு எப்பக்கா திரும்பி வந்துச்சு? நான் போறப்ப எறங்கியிருந்துச்சே. கஞ்சி குடிச்சான்னு சொன்னீங்களே. கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

"உன் பேரைச் சொன்னா."

அவன் தலையைத் தூக்கினான். "அவளா?"

"பொழுது சாயறதுலேருந்து விடியறவரைக்கும். லயம் முழுக்கக் கேட்டுச்சு."

முனியாண்டியின் முகம் என்னவோ போல் ஆயிற்று. சிரிக்க வந்தவன் போல வாயைத் திறந்தான். "பெரட்டுல அத்தனை தடவை கேட்டும் சொல்லமாட்டாளே. பனைமரம்னு சொல்வா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் எழுந்து போயிருப்பான். அவளும் விட்டிருக்கலாம். லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"எறங்கலடா" என்றாள் மருதம்மாள்.

"என்னக்கா?"

"அவளுக்குக் காய்ச்சல் எறங்கவே இல்ல. கஞ்சி குடிக்கல. நான் ஸ்டேஷனுக்கு வர்றப்ப நடுங்கிக்கிட்டுக் கெடந்தா. உன்கிட்டப் பொய் சொன்னேன். சொல்லலைன்னா நீ வாங்கியிருக்க மாட்ட."

அவள் தரையிலிருந்த டப்பாவைக் காட்டினாள்.

"அந்த டப்பாவுல பாதி அவ சேத்தது. அவ வாயிலேருந்து எடுத்தது. அன்னிக்குக் காலையில ரெண்டு கேட்டா. மடியில வச்சுக்கிட்டே இல்லன்னுட்டேன்."

"ரெண்டா?"

"ரெண்டு."

முனியாண்டி கையை நீட்டினான். டப்பாவை எடுத்தான். உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, விரலைப் பார்த்தான். வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை நாக்கில் வைத்தான். கையை ஊன்றி எழுந்து, தன் வீட்டுப் பக்கம் போகாமல், காளியம்மாவைப் புதைத்த இடம் எது என்று முனை வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் பெரட்டில் டிரெசர் புதுக் கொயினா கொண்டுவந்திருந்தார். வரிசையில் மருதம்மாளுக்கு நாலு ஆள் தள்ளி அவன் நின்றான். அவள் பக்கம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒரே லயத்தில் இருந்தார்கள். ஒருநாளும் பார்க்கவில்லை.

அவள் முறை வந்தது. டிரெசர் நாக்கில் மாத்திரையை வைத்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தாள். மாத்திரை பழக்கப்படி தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பேரு?"

"மருதம்மா" என்றாள், மணி அடித்தமாதிரி.